மேட்டில் நிற்கும் சலவை வண்டி

அந்த ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் தெருவில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. "பாய்லர் ஷெட்" என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வார்கள். பாய்லர் என்பது அங்கே இருக்கும் இயந்திரம் அல்ல, ஷெட்டை நடத்தும் அம்மாள். நேரில் "அக்கா, அக்கா" என்று குழைகிறவர்களுக்கெல்லாம் முதுகுக்குப் பின்னால் அவள் பாய்லர்தான். அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததால் கொஞ்சம் கூடுதலாகவே கொதிப்பாள்.

கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். மூக்கு நுனியில் இருப்பது எப்போதாவது இறங்குமே! இவளுடையது இறங்கி யாரும் பார்த்ததில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே அது துருப்பிடித்துக் கிறீச்சிடுகிறது என்று அதைத் திட்டிவிட்டுத்தான் உள்ளே போவாள். ஆனால் வெறும் சிடுமூஞ்சி என்று அவளைத் தள்ளிவிடவும் முடியாது. அந்தக் கோபத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

ஷெட் வைப்பதற்கு முன் அவள் பல வருஷம் ஓர் உதிரிபாகக் கடையின் கவுன்டரில் நின்றவள். பழைய இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரர்கள் வருவார்கள். "வண்டி இழுக்க மாட்டேங்குது, மெக்கானிக் பம்ப் வாங்கிட்டு வரச் சொன்னாரு" என்பார்கள். இவள் எடுத்துக் கொடுப்பாள். சில நாளில் அதே ஆள் வாடிய முகத்தோடு வந்து நிற்பான். "பம்ப் இல்லையாம்க்கா, ஃபில்டராம்." பிறகு ஃபில்டரும் இல்லை, சென்சாராம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பம்ப் குப்பையில் கிடக்கும், வண்டி அதே இடத்தில் நிற்கும். "உங்க மெக்கானிக் அழுத்தத்தை அளந்து பார்த்தாரா?" என்று இவள் கேட்டால், தலைக்குக் கொம்பு முளைத்தவளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அளப்பதற்கு ஒரு கருவி இருக்கும்போது, ஊகத்தில் ஆளின் வயிற்றில் அடிக்கிறார்களே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வயிற்றெரிச்சல் தாங்காமல் கம்பெனிக்காரர்கள் நடத்திய வகுப்புகளில் போய் உட்கார்ந்தாள். முதலில் பிரஷர் கேஜ் வாங்கினாள், அதற்குப் பிறகுதான் ஷெட்டைப் பிடித்தாள்.

பழைய கார்புரேட்டர் வண்டிக்குப் பெட்ரோல் சொட்டினால் போதும். இன்ஜெக்‌ஷன் வண்டி அப்படி இல்லை. டேங்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலை அழுத்தித் தள்ள வேண்டும், அது ஊசித் துளை வழியாகப் புகையாய்ப் பீய்ச்ச வேண்டும். அழுத்தம் குறைந்தால் இன்ஜினுக்கு மூச்சுமுட்டும். அந்த அழுத்தத்தைக் காட்டுவதுதான் கேஜ். முள் எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அந்த இடத்தில் கண்ணாடிமேல் பச்சை நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். முள் கோட்டில் நின்றால் பெட்ரோல் பக்கம் பழுதில்லை. அவள் அகராதியில் அதற்கு அப்பீல் கிடையாது.

இன்னொரு பழக்கமும் உண்டு. வண்டி உள்ளே வந்ததும் முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறந்துவிடுவாள். ஷெட் வைத்த புதிதில், டேங்கில் அடைந்திருந்த ஆவியை விடாமல் அவசரப்பட்டுக் குழாயைக் கழற்றப்போய், பெட்ரோல் முகத்திலேயே பீய்ச்சியடித்துக் கண் திறக்க முடியாமல் கிடந்திருக்கிறாள். அதிலிருந்து மூடி முதலில், ஸ்பேனர் அப்புறம்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வீட்டுக்காரரோ மோரில் தண்ணீர் கலந்த மாதிரி ஆள். அதிர்ந்து பேசமாட்டார். ஒரு சலவை நிலையத்தில் வண்டி ஓட்டுகிறார். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறைத் துணி எல்லாம் அந்த நிலையத்தில்தான் வெளுத்து, நீராவியில் வேகவைத்து, தேய்த்துக் கட்டப்படும். அவற்றை ஒரு பழைய பெட்ரோல் மினி லாரியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அழுக்குத் துணியை ஏற்றி வருவது அவர் வேலை. ஊருக்குள் இருக்கும் மருத்துவமனைகளுக்குப் போகும்போது ஒரு தொல்லையும் இல்லை. ஊரைத் தாண்டி, மேட்டுச் சாலையில் நிற்காமல் ஏறிப் போனால் வரும் பெரிய மருத்துவமனைக்குப் போகும் நாளில்தான் வம்பு. பாதி மேட்டில் வண்டி இருமும், இழுக்காது, நின்றுவிடும். ஓரமாக உட்கார்ந்திருந்தால் சிறிது நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும்.

விரிப்பு வரவில்லை என்று ஆபரேஷனைத் தள்ளிவைக்க வேண்டி வந்தது. அந்த மருத்துவமனை சலவை நிலையத்தை வாட்டி எடுத்தது. நிலையத்து முதலாளி வேறு மெக்கானிக்குகளிடம் காட்டினார். அவர்கள் வழக்கம்போல் பம்ப்பை மாற்றினார்கள், ஃபில்டரை மாற்றினார்கள், காயிலை மாற்றினார்கள். மேட்டில் வண்டி வழக்கம்போல் நின்றது. இதற்கிடையில், டிரைவர் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக் கிடந்ததைப் பார்த்ததாக யாரோ முதலாளியின் காதில் போட்டுவிட்டார்கள்.

பொண்டாட்டி ஷெட் வைத்திருக்கும்போது வண்டியை ஏன் ஊரெல்லாம் இழுத்தடிக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அவளும் அதைத்தான் கேட்டுக் குதித்தாள். சொந்தக்காரர் கையில் கொடுத்தால் வேலை சுத்தமாக இருக்காது என்பது முதலாளியின் எண்ணம். எல்லாரும் கைவிட்ட பிறகுதான் வண்டி பாய்லர் ஷெட்டுக்கு வந்தது. முதலாளியும் கூடவே வந்தார். முன்பு யாரோ ராத்திரியில் குழாய் போட்டுப் பெட்ரோலை உறிஞ்சிவிட்டார்கள் என்று டேங்குக்குப் பூட்டு மூடி போட்டிருந்தார். அந்தச் சாவியை அவர் யாரிடமும் கொடுப்பதில்லை. தினமும் காலையில் நிலையத்துப் பீப்பாயிலிருந்து தன் கையாலேயே பெட்ரோல் நிரப்பி, தன் கையாலேயே பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொள்வார்.

"மூடியைத் திறங்க சார்" என்றாள் பாய்லர். அவர் திறந்தார். 'புஸ்' என்று சத்தம் வந்தது. டேங்க் என்றால் புஸ் என்னத்தான் செய்யும் என்று அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கேஜை மாட்டினாள். முள் பச்சைக் கோட்டைத் தொட்டு, ஆணி அடித்ததுபோல் நின்றது. இன்ஜினை உறுமவிட்டாள். முள் அசையவில்லை. பம்புக்குப் போகும் கரன்ட், எர்த் வயர், மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பி வரும் குழாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை இன்ஜெக்டர்மேல் ஊன்றி, ஒவ்வொன்றும் டிக் டிக் என்று அடிப்பதைக் கேட்டாள். மூடியைச் சும்மா மேலே வைத்துவிட்டு, கேஜைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பஜாரைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓட்டி வந்தாள். குறை என்று மருந்துக்குக்கூட ஒன்றும் இல்லை.

அவள் வீட்டுக்காரர் தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். "இங்கெல்லாம் நல்லாத்தான் ஓடும். மேட்டுலதான் அதுக்கு மூச்சு வாங்குது" என்றார்.

"பெட்ரோலுக்கு மேடு பள்ளம் தெரியுமா? முள் நிக்குது பாருங்க!"

"நீ சொல்றது சரிதான். ஆனா வண்டி நிக்குதே."

இந்த இடத்தில் ஒரு பழைய கதையையும் சொல்லியாக வேண்டும். முன்பு இருந்த வேலையில் ஒருநாள் வீட்டுக்காரர் வண்டியில் அசந்து தூங்கிவிட்டு, டயர் பஞ்சர் என்று வீட்டில் சொல்லி மாட்டிக்கொண்டார். மனுஷன் செய்த ஒரே தில்லுமுல்லு அதுதான். அதை அவள் மறக்கவே இல்லை. இப்போது தூண் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அந்த முகத்தைப் பார்த்ததும், பஞ்சர் என்று சொன்ன முகம் ஞாபகம் வந்து தொலைத்தது. தன் ஷெட்டில், தன் கேஜுக்கு எதிராக, தன் புருஷனே சாட்சி சொல்கிறாரே என்ற ஆத்திரம் வேறு.

முதலாளி கேட்டார்: "அப்ப எதுக்கும்மா வண்டி நிக்குது?"

முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க அவள் சொன்னாள்: "வண்டி நிக்கல சார். நிறுத்துறாங்க."

முதலாளி வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் தரையில் கிடந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தார். "இன்னொரு தடவை மேட்டுல நின்னுச்சுன்னா, வண்டிச் சாவிய மேசைமேல வச்சிட்டுப் போயிடுப்பா" என்று சொல்லிவிட்டு முதலாளி மூடியைப் பூட்டினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் சண்டை நடந்தது. அவள் சமையலறையில், அவர் கூடத்தில். சண்டை என்றால் அந்த வீட்டில் இவள் பேசுவாள், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அன்றைக்கு அவர் பேசினார்.

"ஊரான் முன்னாடி என்னைப் பொய்யன்னு சொல்லிட்ட இல்ல?"

"நான் எங்க பொய்யன்னு சொன்னேன்? வண்டி நல்லா இருக்குன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்னு உனக்குத் தெரியாதா?"

"முள் அப்படிக் காட்டுச்சு. முள்ளு காட்டுறதுக்கு நான் என்ன பண்ண முடியும்? உங்களுக்காக அதைப் பிடிச்சு வளைக்கணுமா?"

"வளைக்க வேணாம். எனக்குத் தெரியலன்னாவது சொல்லியிருக்கலாம்."

அந்த ஒரு வார்த்தையைத்தான் அவளால் எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது. கவுன்டரில் நின்ற காலத்தில், தெரியாமலே தெரிந்ததுபோல் பேசும் ஆட்களைப் பார்த்துப் பார்த்து, தெரியாது என்ற சொல்லே அவளுக்கு அலர்ஜி ஆகிவிட்டிருந்தது. கையிலிருந்த கரண்டியை மேடைமேல் ஓங்கி வைத்தாள். "இவ்வளவு பேசுறீங்கள்ல? அடுத்த தடவை மேட்டுக்குப் போகும்போது நானும் வர்றேன். கேஜோட வர்றேன். எங்க நிக்குதுன்னு பார்க்கிறேன்!"

"வா" என்றார் அவர். சாப்பிடாமல் எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் அவள்மேல் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தது அதுதான் முதல் தடவை. போய்க் கூப்பிடலாமா என்று அவள் நினைத்தாள். பொய் சொல்கிறவருக்கு ரோஷம் வேறு ஒரு கேடா என்று அடுத்த நிமிஷமே நினைத்து, பாத்திரங்களை எல்லாம் காது கிழியக் கழுவினாள்.

மேட்டு மருத்துவமனைக்குப் போகும் நாள் வந்தது. சலவை நிலையத்து முற்றத்தில் தள்ளுவண்டிகள் நிற்க, உள்ளே இருந்து நீராவியும் சோப்பு வாசனையுமாக வந்துகொண்டிருந்தது. முதலாளி டேங்கைத் தளும்பத் தளும்ப நிரப்பினார். அவள் கேஜை மாட்டி, நீளமான குழாயைப் பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, கண்ணாடியில் தன் கண்ணுக்கு நேராக டேப் போட்டு ஒட்டினாள். முதலாளி மூடியை வைத்துத் திருகிப் பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "பார்த்துட்டு வந்து சொல்லும்மா" என்றார். அவர் குரலில் இருந்த கேலி அவளுக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்காரர் எதுவும் பேசாமல் வண்டியை எடுத்தது அதைவிடப் பிடிக்கவில்லை.

வண்டி ஊரைத் தாண்டியது. முள் பச்சைக் கோட்டில். நெடுஞ்சாலையில் வேகம் எடுத்தது. முள் பச்சைக் கோட்டில். பார்த்தீர்களா என்று கேட்க அவள் நாக்கு துறுதுறுத்தது. மேடு தொடங்கியது. கியரைக் குறைத்து, அவர் நிதானமாக ஏற்றினார். ஓட்டுவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது அவளுக்கு.

முள் லேசாக நடுங்கியது. கண்ணாடி அதிர்கிறது போலிருக்கிறது என்று நினைத்தாள். மறுபடி நடுங்கியது. பிறகு கோட்டைவிட்டுக் கொஞ்சம் கீழே இறங்கியது. இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"ஏறு" என்றாள் அவள் முள்ளைப் பார்த்து. "ஏறித் தொலையேன், சனியனே!"

வண்டி இருமியது. அவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இழுவை குறைந்தது. முள் மடமடவென்று விழுந்தது. ஒரு குலுக்கலோடு இன்ஜின் அணைந்தது. அவர் உருளும் வேகத்திலேயே வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இறங்கிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். பிறகு சாலையோரத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டார்.

அவள் முதலில் கேஜை விரலால் சுண்டினாள். பிறகு அதையே திட்டினாள். அப்புறம் இறங்கி வண்டிக்கு அடியில் புகுந்து டேங்கில் காதை வைத்து, அவரைச் சாவி போடச் சொன்னாள். பம்ப் ஓடியது. ஆனால் வழக்கமாக முனகும் பம்ப், இப்போது எதையோ இழுக்க முடியாமல் ஊளையிட்டது. கரன்ட்டைப் பார்த்தாள், சரியாக இருந்தது. வெளியே வந்தபோது தலையெல்லாம் புழுதி, முழங்கையில் சிராய்ப்பு. அவர் மறுபடி சுவரில் போய் உட்கார்ந்திருந்தார். அவள் எதிர்பார்த்தது, 'நான்தான் அப்பவே சொன்னேனே.' அதைச் சொல்லியிருந்தால் ஏட்டிக்குப் போட்டியாக எதையாவது சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். அந்த வாய்ப்பையும் அவர் கொடுக்கவில்லை.

"சொல்லித் தொலைங்களேன்! சொன்னேன் கேட்டியான்னு சொல்லுங்க!"

"சொன்னா மட்டும் கேட்டுடப் போறியா?"

"எப்பவும் இங்கதான் நிக்குமா?"

"டேங்க் நிறைய இருந்தா இங்க. குறைச்சலா இருந்தா இன்னும் கொஞ்சம் மேல போய் நிக்கும்."

நிறைய பெட்ரோல் இருந்தால் சீக்கிரம் நிற்கிறதாம்! அவளுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம்போல் இருந்தது. "இது என்ன கூத்து? இதை ஏன் ஷெட்டுல சொல்லல?"

"எங்க சொல்ல விட்ட? பெட்ரோலுக்கு மேடு பள்ளம் தெரியுமான்னு கேட்டுட்டியே." அவர் சுவரிலிருந்து இறங்கி, வண்டியைப் பார்த்தபடி நின்றார். "எனக்கு ஒண்ணுதான் புரியல. உன் ஷெட்டுக்குள்ள வந்தா மட்டும் இதுக்கு நோவே இல்ல. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் ஓடிப்போற மாதிரி. அங்க வந்ததும் நீ அப்படி என்னதான் பண்ணுற?"

"என்ன பண்ணுவேன்? மூடியைத் திறப்பேன், கேஜை..."

அவள் பேச்சு அங்கேயே நின்றது. டேங்க் மூடியைப் பார்த்தாள். ஓடிப்போய் அதன்மேல் கையை வைத்து அசைத்துப் பார்த்தாள். இம்மி அசையவில்லை. டேங்கின் பக்கவாட்டுத் தகடு வழக்கத்தைவிட உள்வாங்கி இருந்தது. மூடியின் சாவி இவர்களிடம் இல்லை, அது முற்றத்தில் ஒருவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கருவிப் பெட்டியிலிருந்து தடித்த ஸ்குரூடிரைவரையும் சுத்தியலையும் எடுத்தாள்.

"ஏய், பூட்டை உடைச்சா முதலாளி..."

"உங்க முதலாளி கிடக்கிறாரு!"

நாலு அடியில் பூட்டு வாயைப் பிளந்தது. மூடியை நெம்பினாள். அப்போது வந்த சத்தம் ஷெட்டில் கேட்ட அதே புஸ்தான். ஆனால் இந்தத் தடவை நீளமாக, அடங்காமல் வந்தது. இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து டேங்க் வாயருகே பிடித்தாள். துணி வெளிப்பக்கம் பறக்கவில்லை, உள்ளே இழுபட்டது. உள்வாங்கியிருந்த தகடு 'டொம்' என்று பழைய நிலைக்கு வந்தது.

டேங்கிலிருந்து பெட்ரோல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடமாகி, பம்ப் இழுத்தாலும் பெட்ரோல் வராது. ஊருக்குள் மருத்துவமனைக்கு மருத்துவமனை நிற்கும்போது எங்காவது இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று புகுந்துகொள்ளும். நிற்காமல் மேடு ஏறினால் அதற்கு நேரமில்லை. டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றே குறைவு, அதனால் சீக்கிரம் தொண்டையை நெரித்துவிடும். இவ்வளவும் அவளுக்குத் தெரியும், யாராவது கேட்டிருந்தால் வகுப்பே எடுத்திருப்பாள். ஆனால் ஷெட்டில் வழக்கம்போல் முதல் வேலையாக மூடியைத் திறந்து நோயைக் குணப்படுத்திவிட்டு, அதற்குப் பிறகு நோய் இருக்கிறதா என்று அளந்திருக்கிறாள்.

மூடியைத் திருப்பிப் பார்த்தாள். காற்று போக இருக்க வேண்டிய ஊசித் துளையில் கெட்டிப் பசை அப்பியிருந்தது. விளிம்பில் டியூபை வெட்டிச் செய்த ஒரு ரப்பர் வளையம் வேறு. "துளை வழியாப் பெட்ரோல் ஆவியாப் போகுதுன்னு முதலாளி அடைச்சாரு" என்றார் வீட்டுக்காரர். "பூட்டு போட்ட அன்னைக்கே."

"அதுக்கப்புறம்தான் நிக்க ஆரம்பிச்சுதா?"

அவர் யோசித்தார். "ஆமா. ஆமா, அதுக்கப்புறம்தான்."

டேங்க் வாயில் துணியை லேசாகச் செருகிவிட்டு ஸ்டார்ட் செய்தார்கள். முள் விறுவிறுவென்று ஏறிப் பச்சைக் கோட்டில் போய் நின்றது. மேடு முழுக்க அது அசையவில்லை. மருத்துவமனையில் விரிப்புகளை இறக்கி, அழுக்கு மூட்டைகளை ஏற்றித் திரும்பும்வரை அவள் அந்த மூடியைக் கையிலேயே வைத்திருந்தாள். யார்மேல் பாய்வது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. வண்டி முற்றத்தில் நிற்பதற்குள் கதவைத் திறந்து குதித்தாள்.

"சார்! வெளிய வாங்க சார்!"

முதலாளி வந்தார். அவர் கண் முதலில் டேங்க் வாயில் செருகியிருந்த துணியில்தான் பட்டது. "பூட்டை எவன் உடைச்சது?"

"எவனும் இல்ல, நான்தான் உடைச்சேன்! இங்க பாருங்க, இந்தத் துளையை அடைச்சது யாரு? வண்டிக்குக் கழுத்தை நெரிச்சுட்டு, டிரைவர் தூங்குறான்னு ஊர் பேசுறதைக் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே! பம்பை மாத்தினீங்க, காயிலை மாத்தினீங்க, கடைசியில ஆளையே மாத்தப் பார்த்தீங்க!"

தேய்ப்புக்காரர்களும் துணி மடிக்கும் பெண்களும் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் கூடிவிட்டார்கள். முதலாளி முதலில் தாம்தூம் என்று குதித்தார். துளையை அடைத்ததற்கும் வண்டி நிற்பதற்கும் என்ன சம்பந்தம் என்றார். அவள் விடவில்லை. தண்ணீர்ப் பாட்டிலின் வாயை அவர் வாயில் வைத்து, காற்று உள்ளே விடாமல் உறிஞ்சச் சொன்னாள். பாட்டில் நசுங்கியது, தண்ணீர் வருவது நின்றது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முதலாளிக்கு முகம் சுண்டிப்போனது. மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரிம்மா. இது என் தப்புதான். பெட்ரோல் வீணாகுதேன்னு செஞ்சேன்" என்றார். வீட்டுக்காரரைப் பார்த்து, "நாளைக்கு வழக்கம்போல வந்துடுப்பா" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். வேலை போகவில்லை, வண்டி ஓடுகிறது. ஆனால் விடுவதற்கு அவள் வேறு ஆளாக அல்லவா பிறந்திருக்க வேண்டும்!

"வழக்கம்போலன்னா? நல்லா இருக்கே கதை! இத்தனை பேருக்கு நடுவுல ஒரு மனுஷனைப் பொய்யனாக்கிட்டு, வந்துடுப்பான்னா முடிஞ்சுதா? அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க!"

முதலாளி மூடியை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். அவர் கத்தவில்லை.

"பூட்டு போட்டது நான், துளையை அடைச்சது நான். ஒத்துக்கிட்டேன். உன் வீட்டுக்காரர் நிக்குதுன்னு சொன்னப்பெல்லாம் நம்பித்தானேம்மா ஒவ்வொரு மெக்கானிக்கா அலைஞ்சேன்? தூங்குறாருன்னு எவனோ சொன்னப்பகூட உன் ஷெட்டுக்குத்தானே வந்தேன்? வண்டி நிக்கல, நிறுத்துறாங்கன்னு சொன்னது நானா?"

முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்குக் கோபம் அப்படியே இருந்தது. அதைத் தூக்கி யார்மேலாவது போட வேண்டும், போடுவதற்கு எதிரே ஆள் இல்லை.

வீட்டுக்காரர் வண்டியின் பின்கதவைத் திறந்து அழுக்கு மூட்டைகளை இறக்க ஆரம்பித்திருந்தார். அவள் அவரருகே போனாள். எல்லாருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னாள்.

"சொன்னது நான்தான். தப்பா அளந்துட்டுச் சொல்லிட்டேன். மன்னிச்சுடுங்க."

அவர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"இன்னைக்கு அந்த முள்ளு விழல, வண்டி நிக்காம மேல போயிடுச்சுன்னு வச்சுக்க. அப்ப என்னை நம்பியிருப்பியா?"

நம்பியிருப்பேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் எப்படியும் தலையாட்டியிருப்பார், சுபாவம் அப்படி. சுற்றி நின்றவர்களுக்கும் கண்ணில் தண்ணீர் வந்திருக்கும். ஆனால் இல்லாத அளவை இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு வராது.

"நம்பியிருக்க மாட்டேன்" என்றாள்.

அவர் சரி என்று தலையை ஆட்டினார். குனிந்து அடுத்த மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தார். அவள் மறுமுனையைப் பிடித்தாள். கடைசி மூட்டை உள்ளே போகும்வரை இருவரும் சேர்ந்துதான் தூக்கினார்கள். அவர் அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.